லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை: ஒரு சிறு கோப்பின் வரலாறு

தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்டபோது, அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. பாஸ் என்பது, டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட லினக்ஸ் ஆகும். சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்ததால், இத்தேர்வு திடீரென வந்ததன்று. விருதுநகர்–சிவகாசி சாலையில் பட்டாசு ஆலைகளுக்கிடையே அமைந்த ஆமத்தூர் போன்ற ஊர்களிலும் லினக்ஸ் இவ்வாறுதான் வீடுகளுக்குள் நுழைந்தது.

அக்காலத்தில் லினக்ஸைப் பயன்படுத்தியவர்களைப் பெரிதும் அலைக்கழித்தது வைஃபை. வைஃபை அட்டை இயங்குவதற்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் அட்டைக்கும் இடையே நிற்கும் டிரைவரும், அட்டைக்குள் உள்ள சிறு செயலியில் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்னும் கோப்பும் வேண்டும். வைஃபை சில்லுகளைத் தயாரித்த பிராட்காம் நிறுவனம் அவற்றின் நுட்ப விவரங்களை நெடுங்காலம் வெளியிடாததால், தொடக்கத்தில் என்டிஸ்ராப்பர் என்ற மென்பொருளின் துணையுடன் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்ட வேண்டியிருந்தது. பின்னர் தன்னார்வலருள் ஒரு குழு பிராட்காமின் டிரைவரைப் பிரித்தாராய்ந்து விவரக்குறிப்பு எழுத, மற்றொரு குழு அக்குறிப்பை மட்டுமே கொண்டு புதிய டிரைவரை எழுதியது; அது 2006 ஜூனில் வெளிவந்த 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. கட்டற்ற மென்பொருள் வரலாற்றில் இதற்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

டிரைவர் கிடைத்தும் ஃபர்ம்வேர் நிறுவனத்தின் பதிப்புரிமையிலேயே இருந்தது. ‘எல்எஸ்பிசிஐ -என்என்’ என்ற கட்டளை பிராட்காமுக்குரிய ‘14இ4’ என்ற எண்ணைக் காட்டினால், அடுத்து வேண்டிய ஃபர்ம்வேர் நிறுவியோ அக்கோப்பை இணையத்திலிருந்துதான் இறக்கும். இணையம் வேண்டியே கணினியைத் திறந்தவர் முதலில் இணையத்தைத் தேடவேண்டிய நிலை அது. வீட்டில் கம்பிவழி இணைப்பு இல்லாதவருக்கு, வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் எடுத்துவருவதே எளிய வழி. இதில் பயனரின் பிழை எதுவுமில்லை. உரிமத்தின் இறுக்கமே தடையாக நின்றது.

2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சில்லுகளுக்கான டிரைவரின் மூலநிரலைத் திறந்துவிட்டபோதும் பழையவை விடுபட்டன. டெபியன் உருவாக்குநரிடையே 2022இல் நடந்த வாக்கெடுப்பின் பயனாக, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 தனியுரிம ஃபர்ம்வேரையும் நிறுவல் வட்டிலேயே சேர்த்தது. ஆயினும் மறுவிநியோக உரிமை இல்லாத அந்தப் பழைய பிராட்காம் கோப்பை இன்றும் தனியாக இறக்கியே பொருத்தவேண்டியிருக்கிறது.