மேகம் மூடிய நாளின் கணக்கு

ஒரு காரியத்தில் இறங்கியவர்கள் ஒரே கூரையின் கீழ், ஒரே வேளையில் கூடியிருந்தால்தான் அது உருப்படும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பழனி மலையில் நடந்த ஒரு வேலை இதற்கு நேர்மாறானது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்ட தலைமுறைகள் நம்மிடையே இருந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டா? இந்தக் கேள்விதான் கோடைக்கானலில் ஒரு வான்நோக்கு நிலையம் அமையக் காரணமாயிற்று. சென்னையிலிருந்த மிக்கி ஸ்மித் மலைகளில் இடம் தேடினார். 1899-ல் நிலையம் உருவாயிற்று. 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டிப் போனால் பூண்டி. படிப்படியான வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர். அங்கே ஒரு பெரியவரிடம் இந்த நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "மூட்டம் போட்டுட்டா அங்கே சம்பளம் வாங்குறவங்க என்னங்க செய்வாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி அல்லவா? ஐப்பசி, கார்த்திகையில் அந்த மலையில் சூரியனைக் காண்பதே அரிது. ஆனால் ஒரு நாள் விட்டுப்போனாலும் கரும்புள்ளிகளின் கணக்கு அறுந்துவிடும்.

விடை இங்கிலாந்தில் இருந்தது. கிரீனிச் நிலையத்தார் 1874-லேயே இந்தக் கணக்கைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய வானமும் அடிக்கடி மூடிக்கொள்ளும். ஆகவே அந்த நாட்களின் படங்கள் கோடைக்கானலிலிருந்தும், மொரீஷியஸிலிருந்தும், நன்னம்பிக்கை முனையிலிருந்தும் போயின. இங்கே நண்பகல் ஆகும்போது கிரீனிச்சில் காலை ஆறரை மணி. கேட்டுப் பதில் பெறுவதென்றால் கப்பல் தபாலில் வாரக்கணக்கில் ஆகும். ஆனால் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. படம் எடுத்த நேரத்தை எல்லாரும் அறிந்த ஒரே கணக்கில் சரியாகக் குறித்து வைத்தார்கள். அளப்பவன் எங்கே இருந்தாலும், எப்போது பிரித்துப் பார்த்தாலும், எடுத்தவனிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. 1976 வரை, நூறாண்டுக்கு மேல், அந்தக் கணக்கு நடந்தது.

இத்தகைய பொறுமைக்கு இடையிலேதான் 1909-ல் எவர்ஷெட் கோடைக்கானலில் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் அதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் எளிய சூத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடித் தகடுகள் வீண்போகவில்லை. அவற்றை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணிப்பொறிப் பதிவுகளாக்கியிருக்கிறது. இன்றைய ஆராய்ச்சியாளர், நூறு வருஷத்துக்கு முன் குளிரில் நின்று நேரம் குறித்தவரோடு சேர்ந்து வேலை செய்கிறார். அவர் பெயர்கூட இவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் குறித்த நேரம் சரியாக இருக்கிறது. இவருக்கு அது போதும்.