கிளாண்டைக் தங்க வேட்டை தேசிய வரலாற்றுப் பூங்கா, சியாட்டில்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரின் பழைய வணிகப் பகுதியான பயனியர் சதுக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகம். பூங்கா என்று பெயர் பெற்றிருந்தாலும் இது ஒரு செங்கல் கட்டடம். 1889-இல் நகரின் நடுப்பகுதியை எரித்த பெருந்தீக்குப் பிறகு அதே ஆண்டில் எழுந்த காடிலாக் ஹோட்டல்தான் அது. 1976-இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவின் ஏனைய பகுதிகள் அலாஸ்காவில், ஸ்காக்வே ஊரிலும் சில்கூட், ஒயிட் பாஸ் மலைவழிகளிலும் உள்ளன. தங்கம் கிடைத்த இடம் இவற்றில் எதுவும் அன்று. அது எல்லைக்கு அப்பால், கனடாவின் யூக்கானில், கிளாண்டைக் பகுதியில் இருக்கிறது.

1896 ஆகஸ்டில் அங்கே ராபிட் ஓடையில் தங்கம் கண்ட குழுவில் டாகிஷ் பழங்குடியினரான ஸ்கூக்கம் ஜிம், அவர் சகோதரி கேட், உறவினர் டாசன் சார்லி ஆகியோரும் கேட்டின் கணவர் ஜார்ஜ் கார்மக்கும் இருந்தனர். கண்டுபிடித்தவருக்குரிய நிலம் கார்மக் பெயரில் பதிவாயிற்று. மற்ற மூவருக்கும் உரிய பெருமை நெடுங்காலம் கிட்டாமற்போனது பெரும் அநீதி.

செய்தி வெளியுலகை எட்ட ஏறத்தாழ ஓராண்டு ஆனது. 1897 ஜூலை 17 அன்று ‘போர்ட்லண்ட்’ கப்பல் ஒரு டன்னுக்கும் மேலான தங்கத்துடன் சியாட்டிலில் கரைசேர்ந்தது. 1893-இன் பொருளாதார வீழ்ச்சியில் வேலையும் சேமிப்பும் இழந்திருந்த மக்கள் துறைமுகத்துக்குத் திரண்டனர். சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றிருந்த நகர மேயர் வில்லியம் வுட், பதவி விலகலைத் தந்தியில் அனுப்பிவிட்டு வடக்கே புறப்பட்டார். வணிகர் சங்கத்தின் விளம்பரப் பொறுப்பேற்ற எராஸ்டஸ் பிரெய்னர்ட், தங்க நாட்டுக்கு வாசல் சியாட்டில்தான் என்று நாடெங்கும் பத்திரிகைகளில் எழுதிப் பரப்பினார்.

கடைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வரமாய் வந்தது கனடாவின் குதிரைக் காவல் படை போட்ட ஒரு நிபந்தனை. ஓராண்டு உணவு இல்லாத எவரும் எல்லை தாண்டக் கூடாது. மாவு மட்டுமே ஏறக்குறைய 180 கிலோ. பன்றி இறைச்சி, பீன்ஸ், கூடாரம், மண்வெட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன். சில்கூட் கணவாயின் கடைசி ஏற்றத்தில் சுமை விலங்குகள் ஏற முடியாது. கூலிக்குச் சுமந்த டிலிங்கிட் பழங்குடி மக்களுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் அதே பனிச்சரிவை முப்பது நாற்பது தடவை ஏறி இறங்கினர். ஒயிட் பாஸ் வழியில் சுமார் 3,000 குதிரைகள் மாண்டன.

கிளம்பியவர்கள் ஒரு லட்சம் பேர் என்பது மதிப்பீடு. யூக்கானின் டாசன் நகரை அடைந்தவர்கள் 30,000 முதல் 40,000 வரை. நல்ல ஓடைகள் யாவும் அவர்கள் வருவதற்குள் பிறர் கைக்குப் போயிருந்தன. தங்கம் கண்டவர்கள் 4,000 பேர் அளவில்தான். சியாட்டிலின் மக்கள்தொகையோ 1890-இல் 42,837 ஆக இருந்து 1900-இல் 80,671 ஆயிற்று. 13,000 டாலருடன் திரும்பிய ஜான் நார்ட்ஸ்ட்ராம் 1901-இல் கூட்டாளியுடன் திறந்த செருப்புக் கடையே இன்றைய நார்ட்ஸ்ட்ராம் அங்காடிகளின் தொடக்கம்.

2001 நிலநடுக்கத்தில் காடிலாக் ஹோட்டல் கடுமையாகச் சேதமுற்று இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. ‘ஹிஸ்டாரிக் சியாட்டில்’ அமைப்பு அதை வாங்கிச் சீரமைத்தது. வேறு கட்டடத்தில் இயங்கிவந்த பூங்கா 2006-இல் இங்கே குடிபுகுந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை.