வயதுக்கேற்ற வில்

வில் என்றதும் நமக்கு மிதிலை மண்டபம்தான் ஞாபகம் வரும். மற்றவர்களால் அசைக்கவும் முடியாத வில்லை ஒருவன் அநாயாசமாக எடுக்கிறான், நாணேற்றப் போகிறான், அது முறிந்தே போகிறது. வில் எவ்வளவு கடினமோ எடுத்தவன் அவ்வளவு பெரியவன் என்ற கணக்கு அன்றிலிருந்து நம்மோடு இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் இங்கிலாந்திலும் இதே கணக்குதான். ஆர்வத்தில் புதிதாக வில் வாங்கிவிட்டுத் தோள்வலியோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் உடம்பு தாங்காத வில்லை வாங்கியவர்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் வில்லை எப்படி வாங்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் இந்த நாட்டுக் கிராமத்து விவசாயிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஹியூ லாட்டிமர் லெஸ்டர்ஷயரில் ஒரு விவசாயியின் மகன். பிற்காலத்தில் பிஷப் ஆனவர். 1555இல் மதப் பூசலில் ஆக்ஸ்ஃபோர்டில் உயிரோடு எரிக்கப்பட்டவர். 1549இல், பதினொரு வயது மன்னன் ஆறாம் எட்வர்டின் முன்னால் பிரசங்கம் செய்யும்போது தன் சிறு வயதைப் பற்றிச் சொல்கிறார். அவருடைய அப்பா, மகனின் வயதையும் பலத்தையும் பார்த்து வில் வாங்கிக் கொடுத்தாராம். பையன் வளர வளர வில்லும் பெரிதானது. கை பலத்தால் இழுக்காதே, உடம்பு முழுவதையும் வில்லுக்குள் கொடு என்றும் சொல்லிக் கொடுத்தாராம். கையை நம்பாமல் முதுகுத் தசைகளால் இழுங்கள் என்று நான் இன்றைக்கு ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளச் சொல்வதும் இதைத்தான்.

அந்த அப்பாவைப் போல எல்லோரும் இருப்பார்கள் என்று அரசாங்கம் நம்பவில்லை. 1363இலேயே மூன்றாம் எட்வர்ட், திருநாட்களில் ஆண்கள் எல்லோரும் வில் பழக வேண்டும் என்று உத்தரவு போட்டார். எட்டாம் ஹென்றி காலத்தில், 1541இல் வந்த சட்டம் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. ஏழு வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பையன் வீட்டில் இருந்தால், அவனுக்கு ஒரு வில்லும் இரண்டு அம்பும் தகப்பன் வாங்கித் தர வேண்டும். பதினேழைத் தாண்டியவன் தானே ஒரு வில்லும் நான்கு அம்பும் வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே சீட்டு, தாயக்கட்டை, டென்னிஸ் எல்லாவற்றுக்கும் தடை. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் வில், அம்பு செய்கிறவர்களின் மனு இருந்தது. ஜனங்கள் புதுப்புது விளையாட்டுகளில் இறங்கிவிட்டார்கள், வியாபாரம் படுத்துவிட்டது, தொழிலாளிகள் ஸ்காட்லாந்துக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் புலம்பல்.

இன்னொரு தலைவலி மரம். நல்ல வில் யூ மரத்தில்தான் வரும். பட்டையை ஒட்டிய வெளிர்மரம் இழுபடும்போது நீளும். உள்ளே இருக்கும் வைரம் அமுங்கித் தாங்கும். இரண்டும் ஒரே கட்டையில் இயற்கையாகவே சேர்ந்திருப்பதுதான் யூவின் பெருமை. ஆனால் இங்கிலாந்தில் நேராக, கணு இல்லாமல் வளர்ந்த யூ போதவில்லை. ஐரோப்பாவிலிருந்து வர வேண்டியிருந்தது. அதனால் 1472இல் ஒரு சட்டம்: கப்பலில் வரும் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்கட்டை கூடவே வர வேண்டும். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் காலத்தில் இன்னொன்று: இனிப்பு மால்ம்ஸி ஒயின் ஒரு பீப்பாய்க்குப் பத்து வில்கட்டை. இடையே 1482இல், யூ வில்லை 3 ஷில்லிங் 4 பென்ஸுக்கு மேல் விற்கக் கூடாது என்று விலையையும் கட்டினார்கள். 1541 சட்டமோ, வசதியில்லாத வீட்டுப் பையனுக்குப் பதினேழு வயது வரை யூ வில்லே கூடாது என்றது. எல்ம், ஆஷ் போன்ற மலிவு மரங்களிலும் வில் செய்தே ஆக வேண்டும் என்று வில் தச்சர்களுக்குக் கட்டளை. கஜானாவின் கணக்குதான் அது. ஆனாலும் அதில் ஒரு நியாயம் தானாகவே வந்து சேர்ந்தது: வளர்கிற பையனின் வில் சீக்கிரமே அவனுக்குப் போதாமல் போகும், அதில் விலை உயர்ந்த மரத்தைப் போடுவானேன்?

இந்தப் பயிற்சி உடம்பை என்ன செய்தது என்பதற்குச் சாட்சி கடலடியில் கிடைத்தது. 1545 ஜூலையில் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. 1982இல் அதை மேலே தூக்கினார்கள். கப்பலிலிருந்து முழுதாகக் கிடைத்த வில்கள் மட்டும் 137. அம்புகள் 3,500க்கு மேல். பல வில்கள் ஆறடியைத் தாண்டியவை. இழுவிசை 100 பவுண்டிலிருந்து 185 பவுண்ட் வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக் வீரர்களின் வில்லே 50 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும்.

கப்பலில் எலும்புக்கூடுகளும் இருந்தன. அவற்றை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லண்ட், பலருடைய தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே நின்றிருப்பதைக் கண்டார். சாதாரணமாக அந்த நுனி வாலிப வயதில் ஒட்டிவிடும். ஒட்டும் வயதில் கடினமான வில்லை ஓயாமல் இழுத்ததே காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் அந்த வில்களின் முன்னால் நின்றபோது என் மகள், "அம்மா, இதை யாராவது இழுக்க முடியுமா?" என்றாள். முடியும், ஆனால் ஏழு வயதில் ஆரம்பித்திருக்க வேண்டும், அதற்கு எலும்பு விலை கொடுத்திருக்கும் என்றேன். லாட்டிமரின் அப்பா படிப்படியாக ஏற்றியதன் அருமை அங்கேதான் எனக்கு உறைத்தது.

மேரி ரோஸ் மூழ்கிய அதே வருஷம் ரோஜர் ஆஸ்கம் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் 'டாக்ஸோஃபிலஸ்' என்ற நூலை வெளியிட்டார். வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் அது. மன்னருக்குப் பிடித்துப்போய் வருஷம் பத்து பவுண்ட் மானியம் கொடுத்தார். கடைக்குப் போய் வில் வாங்குவதைப் பற்றி அதில் அக்கறையாக எழுதியிருக்கிறார். கட்டை நேராக இருக்கிறதா, முறுக்கு, கணு, வெடிப்பு உண்டா என்று பார். வாங்கியதும் வயலில் கொண்டுபோய் எய்து பழக்கு. பிறகு தச்சரிடமே திருப்பிக் கொடுத்து, உன் இழுப்புக்கு ஏற்றபடி இழைத்துச் சீர்செய்யச் சொல். நாலு காசு கூடப் போகிறதே என்று பேரம் பேசாதே. விற்பனை முடிந்த பின்னும் வில்லும் ஆளும் ஒருவரையொருவர் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் நினைப்பு.

1595இல் இங்கிலாந்தின் ஊர்ப்படைகளிலிருந்து வில்லை எடுத்துவிட்டார்கள். துப்பாக்கி பழகச் சில வாரம் போதும். வில் பழக ஒரு பிள்ளைப்பருவம் வேண்டும்.

போர்க்களத்தை விட்ட வில் திரும்பி வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. லண்டனில் சர் ஆஷ்டன் லீவரின் அருங்காட்சியகத்தில் தாமஸ் வேரிங் என்பவர் வேலை பார்த்தார். மேஜையில் குனிந்து எழுதி எழுதி நெஞ்சில் இறுக்கம். அதற்கு மருந்தாக வில் பிடித்தார்; குணமானார். அதைப் பார்த்து லீவரும் பிடித்தார். 1781இல் டாக்ஸோஃபிலைட் என்ற வில்வித்தைச் சங்கம் பிறந்தது. வேரிங் வில் செய்யும் தொழிலிலும் இறங்கினார். உயிரைக் காக்க இழுத்த வில்லை உடம்பைத் தேற்ற இழுத்ததும் அதன் பாரம் இறங்கியது, பெண்களும் வந்தார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வில்லில் தங்கம் வென்ற குவீனி நியூவலுக்கு அப்போது வயது 53.

இன்றைய முதல் வில்லில் நடுக்கைப்பிடி தனி, மேலும் கீழும் மாட்டும், வளைந்து கொடுக்கும் இரண்டு லிம்புகள் தனி. பலம் கூடினால் லிம்பை மட்டும் மாற்றினால் போதும். லாட்டிமரின் அப்பா வில்வில்லாக வாங்கியதை இப்போது துண்டு துண்டாக வாங்குகிறோம். பெரியவர்களுக்கே 20 பவுண்ட் இழுவிசையை ஒட்டித் தொடங்கச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஒரு கிளப்பில் சேர்ந்து அவர்கள் வில்லில் பழகுங்கள். உங்கள் இழுப்பின் நீளத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். லிம்பை வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். நாணை முழுதாக இழுத்து நிறுத்தும்போது தோள் காதை நோக்கி ஏறினாலோ கை நடுங்கினாலோ, கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் அந்த வில் உங்களுக்கில்லை. அதைவிட லேசான ஒன்றைக் கேளுங்கள்.