தாதுநஷ்ட பயத்தின் சரித்திரம்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்தபின் எதிர்ப்படும் தவளக்குப்பம், 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும்வரை பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டு, புதுவைக்கும் கடலூருக்கும் நடுவழியில் கிடந்த ஊர். இத்தகைய வழியூர்களின் வாலிபர்கள், காய்ச்சலையும் காமாலையையும் வீட்டாரிடம் சொல்லி மருந்து கேட்பார்களேயன்றி, கல்யாணமான புதிதில் தமக்கு நேர்ந்த இயலாமையைத் தாயிடமோ தமையனிடமோ சொல்லத் துணிந்ததில்லை. அந்த மௌனத்தை மூலதனமாகக் கொண்டு தமிழ்நாடெங்கும் ஒரு தொழில் வளர்ந்தது. இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று வாரப் பத்திரிகைகளிலும் பஸ் நிலையச் சுவர்களிலும் விளம்பரம் செய்து, இளமையில் செய்த பிழையால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயமுறுத்தி, ஒரு மண்டலத்துக்கு லேகியமும் பஸ்பமும் விற்கும் தொழில் அது.

பயத்துக்கு வித்து பழையது. உண்ட அன்னம் சாரமாகி, செந்நீராகி, ஊனும் கொழுப்பும் என்பும் மூளையுமாகப் பரிணமித்து, இறுதியில் சுக்கிலமாகிறது என்பது சித்த வைத்தியத்தின் ஏழு தாதுக் கணக்கு. சரீரத்தின் ஒழுங்கை விளங்கிக்கொள்ள எழுந்த அந்தச் சிந்தனையை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். ஆனால் ஜனங்களின் வாயில் அது, நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்து என்று கடுமையான கணக்காகிவிட்டது. உறக்கத்தில் இயல்பாக நிகழும் ஸ்கலிதத்தையும் பிராண நஷ்டமாக எண்ணிப் பையன்கள் நடுங்கினர். இந்த நடுக்கத்தைக் கீழ்நாட்டு மௌட்டியம் என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. 1760இல் லோசான் நகரத்து வைத்தியர் திஸ்ஸோ பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட பிரசித்தமான நூலும், ஓர் அவுன்ஸ் விந்தின் நஷ்டம் நாற்பது அவுன்ஸ் இரத்தத்தின் நஷ்டத்தினும் கொடியது என்றே போதித்தது. ஐரோப்பிய வைத்திய உலகம் நூறாண்டுக்கு மேல் அதை நம்பிற்று.

1960இல் மனோவைத்தியர் நரேந்திரநாத் விக், தாது போகிறதென்ற கிலேசத்தால் களைப்பும் மனச்சோர்வும் ஆண்மைக் குறைவும் கூறி வருவோரின் நிலைக்குத் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டார். சரீரத்தில் பழுதில்லாமலே பயம் ஒருவனை இயலாதவனாக்கும் என்பது அதன்பின் சாஸ்திர விஷயமாயிற்று.

அது எவ்வாறு நிகழ்கிறது? முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் நரம்புகள் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கச் செய்து, உறுப்பின் தசைகளைத் தளர்த்த, இரத்தம் பாய்ந்து நிறைகிறது. ஆபத்தைக் கண்டவன் ஓடவும் எதிர்க்கவும் உதவுகிற மற்றொரு நரம்பு மண்டலமோ அதே தசைகளை இறுக்கிவிடுகிறது. படுக்கையறையில் ‘இன்று இயலுமோ’ என்று அஞ்சுகிறவனின் மூளை, புலியைக் கண்டவனின் மூளையைப் போலவே அந்த இரண்டாவது மண்டலத்தை ஏவுகிறது. தன்னைத் தானே பக்கத்தில் நின்று பார்க்கும் சாட்சியாக அவன் ஆகிவிடுகிறான் என்று பாலியல் ஆராய்ச்சியாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் எழுதினர். உறக்கத்தின் கனவுப் பொழுதில் அச்சாட்சி இல்லை. ஆகையால் அப்போது உறுப்பு தன் காரியத்தைத் தடையின்றிச் செய்வதும், விடியலில் அவன் அதை உணர்வதும், நோய் மனத்தைச் சார்ந்தது என்று ஊகிக்க வைத்தியருக்குப் பெரிதும் உதவுகின்றன. அண்மைக் காலத்தில் காந்த அலைக் கருவியால் இத்தகையோரின் மூளையைப் படமெடுத்தவர்கள், உணர்ச்சியை எடைபோடுவதும் தன்னைக் கண்காணிப்பதுமான பகுதிகளில் செயல் வேறுபாடுகளைக் கண்டிருக்கிறார்கள். சோதிக்கப்பட்டவர் தொகை சிறிது. மாறுதல் காரணமா, காரியமா என்பதும் தீரவில்லை.

பிரெஞ்சுக்காரர் 1823இல் புதுவையில் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை, இன்று கோரிமேட்டில் மனோவைத்தியப் பிரிவுடன் விளங்குகிறது. லாட்ஜ் வைத்தியர் செய்வது போன்ற விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே பார்லிமெண்ட் சட்டமும் இயற்றிற்று. ஆயினும் லாட்ஜ் வாசலில் கூட்டம் குறையவில்லை. காரணம், லேகியம் உண்டவர்களில் சிலர் மெய்யாகவே குணமடைந்தார்கள். மருந்து வேலை செய்யும் என்ற தைரியமே அவர்களுடைய பயத்தைத் தணித்து, நரம்பின் இறுக்கத்தை அவிழ்த்தது. ஆனால் அந்தத் தைரியத்துக்கு விலையாக, தாம் பிறவியிலோ பிழையிலோ கெட்டுப்போனவர்கள் என்ற பொய்யையும் அவர்கள் உடன் வாங்கிச் சென்றார்கள். மருந்து தீர்ந்ததும் அப்பொய் மீண்டும் வேலை செய்யத் தொடங்க, அடுத்த மாதத் தேதியைப் பார்த்து அதே அறைக்குத் திரும்பினார்கள்.