திருமலை யாத்திரையின் மூன்றாவது கோரிக்கை

1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி நடத்திய திருமலை (திருகோணமலை) யாத்திரையை மொழிப் போராட்டமாக மட்டும் எழுதி முடிப்பது நம் மேடைகளின் பழக்கம். அது பாதி வரலாறுதான்.

தமிழரசுக் கட்சி பிறந்ததே வாக்குரிமைச் சிக்கலில்தான். 1947 தேர்தலில் 7 ஆசனங்களை வென்ற மலையகத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952 இல் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. இடையில் வந்த பிரஜாவுரிமைச் சட்டங்களும் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியிருந்தன. இதை எதிர்த்தே, தமிழரசுக் கட்சியைப் பின்னர் தொடங்கிய செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டுப் பிரிந்தார். 1949 டிசம்பர் 18 அன்று மருதானையில் புதுக் கட்சி உருவானது.

அதன் முதல் தேசிய மாநாடு 1951 ஏப்ரலில் நம் ஊரான திருகோணமலையில்தான் கூடியது. 1952 இல் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றபோது, கட்சிக்குக் கிடைத்த இரண்டே ஆசனங்களில் ஒன்றைத் திருகோணமலை கொடுத்தது. வென்றவர் இராஜவரோதயம். இந்தப் பெருமையை நாம் உரக்கவே சொல்லலாம்.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து 1956 ஜூன் 5 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் அமர்ந்த சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். அந்தச் சட்டமும் நிறைவேறியது. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து தொண்டர்கள் கால்நடையாகத் திருமலைக்குப் புறப்பட்டார்கள்.   அதே மாதங்களில் அமெரிக்காவின் மொண்ட்கொமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து வேலைக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 18, 19 இல் கூடிய திருமலை மாநாடு சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சம உரிமை, பிரஜாவுரிமைச் சட்ட நீக்கம், குடியேற்றத் தடுப்பு ஆகிய நான்கையும் கேட்டு அரசுக்கு ஓராண்டு தவணை கொடுத்தது. மூன்றாவது கோரிக்கை எளிமையானது: இந்நாட்டைத் தாயகமாகக் கொண்டவருக்கு, வதிவிடம் ஒன்றையே அளவுகோலாக வைத்துக் குடியுரிமை வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டம் கேட்ட, தந்தை, பாட்டன் பிறப்பைக் காட்டும் பத்திரம் தோட்டத்து லயத்தில் எங்கே இருந்தது?

தவணை முடியுமுன், 1957 ஜூலை 26 இல் பிரதமருடனான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமைக்கு அதில் கிடைத்தது விரைவில் கவனிப்போம் என்ற வாக்குறுதி மட்டுமே. நான்கில் இதுவே முதலில் விட்டுக்கொடுக்கப்பட்டது என்பது என் கணிப்பு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒப்பந்தமே கிழிக்கப்பட்டது.

அமெரிக்காவில் வாக்குரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து 1965 மார்ச்சில் நடந்தவர்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இல் வாக்குரிமைச் சட்டம் கிடைத்தது. இங்கே 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது.