பினியஸ் கேஜ் வரலாறு: மூலமும் உரையும்

மாந்தர்தம் குணத்திற்கு உடலே அடிப்படை என்று நிறுவப் புகுவோர் எடுத்துக்காட்டும் வரலாறுகளுள் பினியஸ் கேஜ் என்னும் அமெரிக்கரின் வரலாறு தலையாயது. மூளையின் முன்பகுதி சிதைந்தமையால் நல்லியல்பினர் ஒருவர் தீயராய் மாறி, அங்ஙனமே வாழ்ந்து மடிந்தார் என உளவியற் பாடநூல்கள் பல கூறிவந்துள்ளன. மருத்துவம் எம் துறையன்று. எனினும், மூலத்தின்மேல் உரைகள் அடுக்கடுக்காய் எழுந்து மூலத்தையே மறைத்துவிடுதல் ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர்க்குப் புதிதன்று. அந்நோக்கில் இவ்வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், வெர்மாண்ட் மாநிலத்துக் கேவண்டிஷ் என்னும் ஊரருகே இருப்புப்பாதை அமைக்கும் வேலை நடைபெற்றது. மேற்பார்வையாளராய் இருந்த கேஜுக்கு அப்பொழுது வயது 25. பாறைத் துளையில் இட்ட வெடிமருந்தை இருப்புக்கோலால் இடிக்கையில் மருந்து வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் 13¼ பவுண்டு எடையும் உடைய அக்கோல், இடக் கன்னத்தின் வழியே புகுந்து, உச்சியைப் பிளந்துகொண்டு வெளியேறித் தொலைவில் வீழ்ந்தது. அவர் இறந்திலர். மாட்டுவண்டியில் நிமிர்ந்து அமர்ந்தே விடுதியை அடைந்து, வந்த மருத்துவரிடம் பேசவும் செய்தார். பின்னர் ஜான் ஹார்லோ என்னும் மருத்துவர் அவரைப் பேணினார். இடக்கண் பார்வை போயிற்று. புண் சீழ்கொண்டு உயிர்க்கு அஞ்சும் நிலையும் நேர்ந்தது. ஆயினும் பத்து வாரங்களில் கேஜ் தம் வீடு திரும்பினார்.

இனிச் சான்றுகளை நோக்குவோம். ஹார்லோ 1848இல் எழுதிய கட்டுரை பெரும்பாலும் புண்ணையும் பண்டுவத்தையுமே பேசுகின்றது. 1850இல் ஹார்வர்டு அறுவைப் பேராசிரியர் ஹென்றி பிகலோ, கேஜ் உடலாலும் அறிவாலும் நலமுற்றார் என்றே எழுதினார். குணமாற்றத்தை விரித்துரைப்பது ஹார்லோவின் 1868ஆம் ஆண்டுக் கட்டுரையே. முன்னர்த் திறமும் ஒழுங்கும் உடையவராய் இருந்தவர் நிலையற்ற மனத்தினராய், இழிசொல் கூறுபவராய், எண்ணியதை முடிக்காதவராய் ஆயினார் என்றும், முதலாளிகள் பழைய பதவியைத் தர மறுத்தனர் என்றும், பழைய கேஜ் இவரல்லர் என நண்பர்கள் கருதினர் என்றும் அது கூறுகின்றது. இச்சில வரிகளே பின்னெழுந்த அனைத்துக்கும் மூலம். அவை நிகழ்ச்சிக்கு இருபதாண்டுகள் கழித்து, கேஜ் மறைந்தபின் அச்சேறியவை. அக்கட்டுரை கேஜ் இறந்த ஆண்டை 1861 எனக் குறிக்கின்றது. அடக்கப் பதிவேடோ 1860 எனக் காட்டுகின்றது. நேரிற் கண்டாரும் பிழைபடுவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எனினும் ஹார்லோவை நாம் குறைகூறவில்லை. அவர் வரைந்த குணமாற்றம் காயத்தை அடுத்த காலத்திற்கு உரியது. அதனை வாழ்நாள் முழுமைக்கும் நீட்டியவர் பின்வந்தோரே. மூளையின் பகுதிக்கொரு தொழில் உண்டு என்று நாட்டிய டேவிட் பெரியர், 1878இல் இலண்டன் சொற்பொழிவுகளில் இதனைச் சான்றாக்கினார். அதன்பின் கேஜ் குடியராகவும் சண்டைக்காரராகவும் எத்தொழிலிலும் நிலையாது அலைந்தவராகவும் புனையப்பட்டார். மூலத்தில் இல்லாத இவ்விடைச்செருகல்களை மால்கம் மக்மில்லன் 2000இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காட்டினார்.

உரைகாரர் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று ஹார்லோவின் கட்டுரையிலேயே உளது. கேஜ் முதலில் ஒரு குதிரைலாயத்தில் பணிசெய்து, 1852இல் சிலி நாட்டிற்குச் சென்று, ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்குக் குதிரைகளைப் பேணியும் வண்டி ஓட்டியும் வாழ்ந்தார். ஆறு குதிரை பூட்டிய பார வண்டியை அவர் செலுத்தினார். குதிரைகளின் போக்கறிந்து, வழியறிந்து, பயணியரோடு ஒத்துப்போக வேண்டிய தொழில் அது. வேற்றுமொழி நாட்டில் அதனை ஆண்டுக்கணக்கிற் செய்தவரை, எண்ணியதை முடிக்காதவர் என எங்ஙனம் கூறுவது? அந்நாட்டில் அவரை அறிந்திருந்த மருத்துவர் ஒருவரும் அவர்தம் அறிவில் குறை ஏதும் இல்லை என்றே சான்றளித்துள்ளார்.

இதனால் மூளைக்கும் குணத்திற்கும் தொடர்பில்லை என்று கொள்ளலாகாது. அத்தொடர்பைப் பிற நோயாளர் பலரிடமும் மருத்துவர் கண்டுள்ளனர். கேஜின் மண்டையோட்டைக் கணிப்பொறியால் ஆய்ந்தோருள் 1994ஆம் ஆண்டுக் குழுவினர் முன்மடல் இரண்டும் சிதைந்தன என்றனர். 2004ஆம் ஆண்டினர் இடமடலே சிதைந்தது என்றனர். 2012ஆம் ஆண்டினர் இடமடலோடு மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளும் அறுந்தன என்றனர். சிதைவு மெய், மாற்றமும் ஓரளவு மெய். ஆனால் அம்மாற்றம் நிலைபேறுடையது என்பதற்கே சான்று இல்லை. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த வண்டித்தொழில், இழந்த அடக்கத்தைப் படிப்படியாக மீட்டிருத்தல் கூடும் என்னும் மக்மில்லனின் கருத்தே எமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது. உடலைக் குணத்தின் ஒரே ஆசிரியனாக்கியோர் இவ்வேழாண்டு உழைப்பைக் கணக்கில் கொண்டிலர்.

1859இல் உடல்நலம் குன்றிய கேஜ், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாயிடம் சென்றார். அடுத்த ஆண்டு வலிப்புக் கண்டு மே மாதம் இறந்தார். மூளை அறுத்து ஆராயப்பெறவில்லை. 1867இல் குடும்பத்தார் இசைவுடன் எடுக்கப்பெற்ற மண்டையோடும் அவ்விருப்புக்கோலும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் வாரன் காட்சிச்சாலையைச் சேர்ந்தன. 2009இல் கேஜின் பழைய ஒளிப்படம் ஒன்று அடையாளம் காணப்பெற்றது. அதில் அவர் நல்லுடை அணிந்து, இடக்கண் மூடிய நிலையில், அக்கோலைக் கையிற் பற்றி நிமிர்ந்து காட்சியளிக்கின்றார்.