தாணா பந்தரின் எலிகள்

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்றொரு பழமொழி நம் பேச்சில் உண்டு. அதைச் சொல்லிச் சிரிக்கும்போது, வீட்டைக் கொளுத்தியவனுக்கு எலியின் மீதாவது ஒரு கண் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். செத்த எலி கண்ணெதிரே கிடக்க, அதைத் தாண்டிச் சென்று மனிதரின் வீட்டைப் பிரித்த ஓர் அரசின் கதை இது. இடம் பம்பாய், காலம் 1896 தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள். கொள்ளைநோயின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுவிட்ட இக்கதையை, ஒரு மாநகரில் எலி எவ்வாறு குடியிருந்து இரை தேடுகிறது என்னும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது நம் நெடுநாள் விருப்பம்.

பம்பாய்த் தீவின் கிழக்குக் கரையில், கப்பல் துறைகளை ஒட்டி அமைந்த வட்டாரம் மாண்ட்வி. சுங்கச்சாவடி என்பது அச்சொல்லின் பொருள். அதன் ஒரு பகுதிக்குத் தாணா பந்தர் என்று பெயர். தானியத்துறை என்று தமிழாக்கலாம். படகிலும் இரயிலிலும் வந்திறங்கிய கோதுமையும் அரிசியும் பருப்பும் இங்கேதான் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டன. பல கட்டடங்களில் கீழ்த்தளம் கிடங்கு, மேல்தளங்கள் குடியிருப்பு. சுமைகூலிகளும் கணக்கர்களும் சிறுவணிகர்களும் ஓரறைக்கு ஒரு குடும்பமாக, சில அறைகளில் இரு குடும்பங்களாகவும் ஒண்டுக்குடித்தனம் செய்தனர். இத்தகைய அடுக்குவீடுகளுக்கு அங்கே 'சால்' என்று பெயர். 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 20 ஆயிரம். எலிகளை எண்ணியவர் எவருமிலர். எலிவளையானாலும் தனிவளை வேண்டும் என்பார்கள். மாண்ட்வியில் தனிவளை வாய்த்தது எலிகளுக்கு மட்டுமே.

அவ்வெலிகளும் ஓரினத்தன அல்ல. கூரையிலும் உத்தரத்திலும் ஓட்டின் இடுக்கிலும் வாழ்வது வீட்டெலி. உடலைவிட நீண்ட வால் உடையது; கயிற்றின் மீதும் நடக்கும். தரையைத் தோண்டி வளை அமைத்து, சாக்கடை வழியே நீந்தியும் செல்வது பழுப்பெலி. இது கப்பலேறி வந்து துறைமுக நகரங்களில் பரவியது. வீட்டெலியோ நெடுங்காலமாக இம்மண்ணுக்கு உரியது. பெருச்சாளி மூன்றாவது. (அதனைக் குறிக்கும் 'பாண்டிகூட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தெலுங்கின் பந்திக்கொக்கு, அதாவது பன்றியெலி, என்பதன் திரிபு. ஆங்கிலேயர் நம் பக்கத்திலிருந்து கொண்டுபோன பொருள்களுள் இதுவும் ஒன்று.) ஆக, ஒரே கட்டடத்தில் கீழே பழுப்பெலி, நடுவே மனிதர், மேலே வீட்டெலி என்பதே மாண்ட்வியின் குடியமைப்பு. இம்மூன்றடுக்கை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

எலியை நாம் அலைந்து திரியும் உயிராகவே எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. உணவும் உறைவிடமும் அருகருகே அமைந்துவிட்டால், நகரத்து எலி தன் ஆயுள் முழுவதையும் சில பத்து மீட்டர் வட்டத்துக்குள்ளேயே கழித்துவிடும். ஒரு தெருவைக் கடப்பதற்கும் தயங்கும். இருட்டியபின் வெளிவந்து, சுவரோரமாக, மீசைமயிர் சுவரில் உரசும்படி, நேற்றுச் சென்ற அதே தடத்தில் செல்லும். உடலின் எண்ணெய்ப் பிசுக்கு நாளடைவில் சுவரில் கருங்கோடாகப் படிந்துவிடுவதும் உண்டு. ஓரிரவில் அது உண்பது தன் எடையில் பத்தில் ஒரு பங்களவு தானியம்; நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். தின்பதைவிடச் சிந்துவதும் கழிவால் கெடுப்பதும் மிகுதி.

அதன் எச்சரிக்கை உணர்வு தனியே சொல்லத்தக்கது. எலியால் வாந்தியெடுக்க இயலாது. தின்றது நஞ்சானால் மீட்சியில்லை. எனவே தடத்தில் புதிதாக ஒரு பொருள் கிடந்தால் நாள்கணக்கில் ஒதுங்கிப் போகும். புதிய உணவைச் சிறிதளவே கொறித்துவிட்டுக் காத்திருக்கும். உண்டு திரும்பிய தோழனின் வாயை முகர்ந்து, எதை உண்ணலாம் என்று அறிந்துகொள்ளும் வழக்கமும் அதற்கு உண்டு. இவ்வளவு தயக்கமுள்ள ஓருயிர் தன் இடத்தைவிட்டு எப்போது பெயரும்? இரை தீர்ந்தால், அல்லது இருப்பிடத்தை எவரேனும் கலைத்தால். பம்பாயில் அரசு செய்தது இந்த இரண்டாவதைத்தான்.

1896ஆம் ஆண்டு மழைக்காலத்தின் பிற்பகுதியில் மாண்ட்விக் கிடங்குகளில் எலிகள் செத்து விழலாயின. செப்டம்பரில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ், தம்மிடம் வந்த காய்ச்சல்காரர்களுக்குக் கண்டிருப்பது கொள்ளைநோய் என்று அறிவித்தார். ஆங்காங்கில் 1894இல் இதே நோய் பரவியபோதுதான் அலெக்சாண்டர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டறிந்திருந்தார். ஆங்காங்கிலிருந்து கப்பல்வழியே அது பம்பாய்க்கு வந்திருக்கலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. கிருமி தெரிந்துவிட்டது, அது எலியிடமிருந்து மனிதனிடம் எவ்வழியே வருகிறது என்பது தெரியவில்லை. தெரியாத இடத்தில் அழுக்கும் ஏழையும் குற்றவாளிகளாயினர்.

சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் பாய்ச்சப்பட்டன. வெயில் உள்ளே விழட்டும் என்று கூரை ஓடுகள் பிரிக்கப்பட்டன, சுவர்களில் துளையிடப்பட்டது, மனிதர் வாழத் தகுதியற்றது என்பதன் சுருக்கமாக மூன்று ஆங்கில எழுத்துகள் வீட்டுச் சுவரில் பொறிக்கப்பட்டன. மேலே சொன்ன மூன்றடுக்கை இப்போது நினைத்துப் பார்க்கலாம். சாக்கடையைக் கலக்கினால் பழுப்பெலி எங்கே போகும்? ஓட்டைப் பிரித்தால் வீட்டெலி எங்கே போகும்? அடுத்த வீட்டுக்குத்தான்.

நோயுற்றோரை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றதால் மூண்ட சினத்தில், 1896 அக்டோபர் இறுதியில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. படைத்தலைவர் கேட்டக்ரேயின் தலைமையில் குழு அமைந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. இரயில் நிலையங்களில் ஆண் பெண் வேறுபாடின்றி அக்குளும் தொடையிடுக்கும் தடவிப் பார்க்கப்பட்டன. புனேயில் இதன் விளைவாக அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டது பாடநூல் அறிந்த செய்தி. தானிய மூட்டையோ நகரைவிட்டு ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தது. அதனுள் ஒளிந்து சென்ற சிற்றுயிரைத் தேட வேண்டும் என்று அந்நாளில் அவ்வதிகாரிகளுக்குத் தோன்றவில்லை.

1897இன் தொடக்கத்துக்குள் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறிவிட்டனர். இதனை அறியாமையால் விளைந்த பீதி என்று எழுதிய அதிகாரிகள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. இமயத்தின் அடிவாரத்தில், கடுவால், குமாவுன் மலையூர்களில் எலி சாகத் தொடங்கியதும் வீட்டைத் துறந்து காட்டோரம் தங்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அறிக்கைகளே அதைக் குறித்துள்ளன. எலி செத்த இடத்தைவிட்டு மனிதன் விலக வேண்டும் என்ற அந்த அறிவு, ஆய்வகம் பின்னர் கண்டறிந்த உண்மைக்கு மிக அருகில் இருந்தது. அறிக்கையில் ஏறிய அறிவு ஆணையில் ஏறவில்லை.

பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1897இல் பம்பாய்க்கு வந்தார். நோயாளிகள் சிலரின் உடலில் சிறு கொப்புளம் ஒன்று இருப்பதையும், அது பூச்சிக்கடி போலத் தோன்றுவதையும் கவனித்தார். ஓர் ஆலையில் காலையில் எலிகள் செத்துக் கிடந்தன. அள்ளிப்போட அனுப்பப்பட்ட கூலியாட்கள் பலர் சில நாள்களில் நோயுற்றனர், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்பதையும் அவர் பதிந்துள்ளார். 1898 ஜூன் 2ஆம் நாள் கராச்சியில், தாம் தங்கியிருந்த விடுதியில் அவர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற எலியைத் தெள்ளுப்பூச்சிகளோடு ஒரு கண்ணாடிச் சாடியில் விட்டார். அது சாகும் தறுவாயில், நலமுள்ள எலியொன்றைக் கம்பிவலைக் கூண்டில் வைத்து உள்ளே இறக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தீண்டவில்லை. சில நாள்களில் இரண்டாவது எலியும் அதே நோயால் இறந்தது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதனைவிட்டு வெளியேறி, அடுத்த வெப்பமான உடலைத் தேடுகிறது என்பதே செய்தி.

அவ்வாண்டே கட்டுரை வெளிவந்தது. கற்றோர் உலகம் நம்பவில்லை. பேராசிரியர் பிரேசர் தலைமையிலான இந்திய பிளேக் ஆணையம் அவர் கருத்தை ஏற்க மறுத்ததோடு எலிக்கே பெரிய இடம் கொடுக்கவில்லை. இதற்கிடையே 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகலச் சாலைகள் போடத் தொடங்கியது. வீடிழந்தவர்கள் அருகிலிருந்த சால்களில் மேலும் நெருக்கியடித்துப் புகுந்தனர். நகர வரைபடம் அழகாயிற்று.

விடை மீண்டும் பம்பாயிலேயே கிடைத்தது. கிளென் லிஸ்டன் என்னும் மருத்துவர் 1903இல் ஒரு சாலைக் கவனித்தார். எலிகள் செத்த சில நாள்களில் தெள்ளுக்கடி பொறுக்காமல் குடிகள் அறையைவிட்டுத் தாழ்வாரத்தில் படுக்கத் தொடங்கினர். பிறகே நோய் கண்டது. மனிதர் மீது பிடித்த தெள்ளுகளைச் சோதித்தபோது பல எலித்தெள்ளுகளாக இருந்தன. அதே ஆண்டுதான் அவ்வினத்துக்கு, பிரமிடு கட்டிய மன்னன் கியோப்சின் பெயரைச் சார்ல்ஸ் ராத்சைல்டு சூட்டியிருந்தார். அதன் புழுக்கள் தானியத் தூசியில் செழித்து வளர்பவை. தாணா பந்தரில் அதற்கு என்ன குறை?

1905 முதல் பரேலில் நடந்த ஆய்வுகளுள் நம்மை மிகவும் ஈர்ப்பது ஆறு குடில்களின் கதை. இரண்டுக்கு நாட்டோடு, இரண்டுக்கு மங்களூர் ஓடு, இரண்டுக்குத் தகரம் வேய்ந்தனர். நாட்டோட்டின் அடியில் எலி தாராளமாகக் குடியேறியது; நெருங்கிப் பொருந்தும் மங்களூர் ஓட்டின்கீழ் அத்துணை வசதி இல்லை; தகரம் அதற்கு உதவவில்லை. கூரைக்குக் கீழே கம்பிவலை கட்டப்பட்டிருந்தது. எலி இறங்க முடியாது, தெள்ளு உதிரலாம். கீழே கினிப்பன்றிகளை விட்டுப் பார்த்தனர். தெள்ளு உள்ள இடத்தில் நோய் பரவியது. தெள்ளு இல்லாத இடத்தில் நோயுற்றதும் நலமானதும் ஒட்டி உறவாடியும் பரவவில்லை. தரைக்கு இரண்டங்குல உயரத்தில் தொங்கிய கூண்டில் நோய் புகுந்தது. இரண்டடி உயரத்தில் தொங்கியதில் புகவில்லை. தெள்ளு அவ்வளவு உயரம் தாவாது. கட்டில் வாங்க வக்கற்றுத் தரையில் பாய் விரித்தவர்களை இவ்விடத்தில் எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

ஓராண்டில் இலட்சத்துக்கும் மேற்பட்ட எலிகள் நகரெங்குமிருந்து கொணரப்பட்டுச் சோதிக்கப்பட்டன. நோய் முதலில் பழுப்பெலியிடம் பெருகுகிறது. ஏறத்தாழப் பத்து நாள் கழித்து வீட்டெலியிடம். மேலும் பத்துப் பதினான்கு நாளில் மனிதரிடம். சாக்கடையிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து பாய்க்கு என அந்த மூன்றடுக்கின் வழியே அது ஏறி இறங்கியிருக்கிறது. இவ்வளவும் உறுதிப்பட்டபோது நோய் நாடெங்கும் பரவிவிட்டது. 1896க்குப் பின்வந்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் அதற்குப் பலியானோர் ஒரு கோடிக்கும் மேல்.

தமிழ்நாட்டின் உள்பகுதியும் தப்பவில்லை. கோவையிலுள்ள பிளேக் மாரியம்மன் கோயில் அதற்குச் சான்று. சென்னை நகரம் மட்டும் பெரிதும் தப்பியது. காரணத்தைப் பின்னர் கொழும்பில் பணியாற்றிய ஃபேபியன் ஹெர்ஸ்ட் விளக்கினார்: சென்னையிலும் கொழும்பிலும் மிகுதியாக இருந்தது நோயைச் சரிவரக் கடத்தாத வேறொரு தெள்ளினம். 1914இல் கொழும்பில் நோய் நுழைந்தபோதும் கியோப்சின் தெள்ளு காணப்பட்டது தானிய வணிகர்களின் பகுதியில்தான். மூட்டையோடு வந்து இறங்கியிருந்தது.

பம்பாய் மாநகராட்சியில் இரவு எலி கொல்வோர் என்றொரு பணியிடம் உண்டு. ஒரு கையில் விளக்கும் மறு கையில் தடியுமாகச் சந்துகளில் நடப்பவர்கள். ஓரிரவுக்கு 30 எலி என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த கணக்கு. 2010இல் மிரியம் சாண்டி மெனாச்சேரி எடுத்த ஆவணப்படம் ஒன்று அவர்களைப் பற்றியது. எந்தச் சுவரோரம் தடம் இருக்கும், எந்தக் குப்பைக்கு எந்நேரத்தில் எலி வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். விடிந்ததும் எலிகள் எண்ணி ஒப்படைக்கப்படும். அவற்றுள் சில, நோய் இருக்கிறதா என்று பார்க்கப் பரேலிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டு வந்தன.